ஆஸ்திரேலிய பிஆர்: கன்சல்டன்சி சொன்ன 85 புள்ளி உண்மையில் எத்தனை?

ஆஸ்திரேலிய பிஆர், அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பற்றிக் கேட்டவர் தந்த விவரம் இது. கோயம்புத்தூரில் மென்பொருள் பொறியாளர். வயது 32, இன்னும் நான்கு மாதத்தில் 33. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து எட்டரை வருடம் வேலை. மனைவிக்கு வயது 30, பி.எஸ்சி. கணிதம், பி.எட்., தனியார் பள்ளியில் நான்கு வருடம் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆசிரியை. ஒரு குழந்தை. ஒரு கன்சல்டன்சி "உங்களுக்கு 85 புள்ளி இருக்கிறது, பிஆர் உறுதி" என்று சொல்லி முதல் தவணை வாங்கிவிட்டது. இரண்டாம் தவணை கட்டலாமா என்பது கேள்வி.

இப்போது கட்டாதீர்கள். அந்த 85 எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே பிரித்துப் பாருங்கள். நான் 491 என்ற பிராந்திய விசாவில் அடிலெய்டு வந்து இங்கேயே பிஆர் ஆனவன். பதிவுபெற்ற குடியேற்ற முகவர் அல்ல. நடைமுறை தெரியும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். தகுதிகளுக்குப் புள்ளி போட்டு, அதிகம் உள்ளவர்களை விசாவுக்கு விண்ணப்பிக்க அழைக்கும் இந்த முறையில், புள்ளி என்பது உங்களிடம் இருக்கும் தகுதிக்குக் கிடைப்பதில்லை. அழைப்பு வரும் நாளில் காகிதத்தில் நிரூபிக்கக்கூடிய தகுதிக்கு மட்டும்தான் கிடைக்கும். கன்சல்டன்சிகள் போடும் கணக்குக்கும் விசா அதிகாரி போடும் கணக்குக்கும் இடையில் விழும் பள்ளம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

உங்கள் 85 இப்படி வந்திருக்கும்: வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, எட்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவம் என்று 15, ஆங்கிலத்துக்கு 20, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5. கூட்டல் சரிதான். ஆனால் இதில் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பவை வயதும் பட்டமும் மட்டுமே. அதிலும் வயது நான்கு மாதத்தில் நகர்ந்துவிடும்.

வயதுப் புள்ளியை அழைப்பு வரும் நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், நீங்கள் விருப்ப மனு (இஓஐ) போட்ட நாளை வைத்து அல்ல. 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 45 ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். நீங்கள் 33 ஆகும் நாளில், விருப்ப மனுக்களைக் கையாளும் ஸ்கில்செலக்ட் கணினியே உங்கள் புள்ளியில் ஐந்தைக் கழித்துவிடும்.

அடுத்தது அனுபவம். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. மென்பொருள் துறைக்குத் திறன் மதிப்பீடு செய்வது ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி, சுருக்கமாக ஏசிஎஸ். அவர்கள் உங்கள் மொத்த அனுபவத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் அதற்கு நெருக்கமான வேலையும் இருந்தாலே முதல் இரண்டு வருடத்தைத் "தகுதி பெற எடுத்துக்கொண்ட காலம்" என்று கழித்துவிடுவார்கள். பட்டத்துக்கும் வேலைக்கும் நெருக்கம் குறைந்தால் நான்கு வருடம். இசிஇ படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்த பலருக்கு இப்படி நான்கு போயிருக்கிறது. கணினி சாராத பட்டம் என்றால் ஆறு. மதிப்பீட்டுக் கடிதத்தில் "இந்தத் தேதிக்குப் பிறகான அனுபவம் மட்டுமே திறன்மிக்க வேலை" என்ற பொருளில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்துதான் புள்ளிக்கான வருடங்களை எண்ண வேண்டும். உங்கள் எட்டரை அங்கே ஆறரை ஆகும். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு 10 புள்ளி. 15 வேண்டுமென்றால் எட்டு நிறைய வேண்டும்.

ஆங்கிலத்துக்கு 20 போட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய பிடிஇ தேர்வில் கிடைத்தது 10 புள்ளிக்கான நிலை என்று சொல்கிறீர்கள். அப்படியானால் இன்று உங்களுக்கு 10தான். மனைவி எந்தத் தேர்வும் எழுதவில்லை, ஆக அந்த 5ம் இல்லை.

இன்றைய உண்மைக் கணக்கு: 30 + 15 + 10 + 10 = 65. நான்கு மாதம் கழித்து இதுவே 60. விருப்ப மனு போடவே குறைந்தபட்சம் 65 வேண்டும், 2018 ஜூலை முதல் அதுதான் விதி. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால், "85 புள்ளி உறுதி" என்று பணம் கட்டிய நீங்கள் பிறந்தநாளன்று, மாநிலத்தின் பரிந்துரை இல்லாமல் விண்ணப்பிக்கும் தகுதியையே இழப்பீர்கள். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை அவர்கள் முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற கோபத்தில் சொல்கிறேன்.

"முதலில் 85 போட்டு இஓஐ கொடுப்போம், அழைப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். விருப்ப மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆவணமும் கேட்க மாட்டார்கள். எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். அதனால்தான் அந்தப் பொறி அவ்வளவு எளிதாக இருக்கிறது. அழைப்பு வந்த நொடியில் மனு உறைந்துவிடும், எதையும் திருத்த முடியாது. விசா அதிகாரி ஆவணங்களைப் பார்த்துப் போடும் புள்ளி, அழைப்பில் குறிப்பிட்ட புள்ளியைவிடக் குறைந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். 90 என்று சொல்லி அழைப்பு வாங்கி, சோதித்ததில் 85 வந்தால், அதே சுற்றில் 85 உள்ளவர்களுக்கும் அழைப்பு போயிருந்தாலும்கூட உங்களுக்கு நிராகரிப்புதான். கட்டணம் திரும்பி வராது. 2025 ஜூலையில் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் 4,910 ஆஸ்திரேலிய டாலர். துணைவருக்கு அதில் ஏறத்தாழ பாதி, குழந்தைக்குக் கால்வாசி. ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் இந்தத் தொகை மாறும்.

தெரியாமலே புள்ளி ஏறிவிடும் ஒரு வழியும் உண்டு. மனுவில் தற்போதைய வேலையின் முடிவுத் தேதியைக் காலியாக விட்டால், கணினி நாட்களை எண்ணிக்கொண்டே போய், ஐந்து வருடமோ எட்டு வருடமோ நிறையும் நாளில் புள்ளியைத் தானாகக் கூட்டிவிடும். இடையில் நீங்கள் வேலையை விட்டிருந்தாலோ, மேலாளர் பதவிக்குப் போய்ப் பணியின் தன்மை மாறியிருந்தாலோ, அந்தக் கூடுதல் புள்ளியை உங்களால் நிரூபிக்க முடியாது. வேலை மாறும் அன்றே மனுவைத் திருத்துங்கள். ஏசிஎஸ் கழிக்கும் காலத்தைத் தனி வரியாகப் பிரித்து, "இந்த வேலை தொடர்புடையது அல்ல" என்று குறித்துவிடுங்கள்.

இனி மனைவியைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கன்சல்டன்சி அவரை 5 புள்ளி ஆங்கிலமாக மட்டும் பார்த்தது. என் கருத்தில் உங்கள் குடும்பத்தின் வலுவான விண்ணப்பதாரர் அவர்தான்.

காரணம் இதுதான். 65 என்பது வாசலைத் தாண்டும் உயரம் மட்டுமே. அழைப்பு யாருக்கு என்பது, அதே தொழிலில் வரிசையில் நிற்பவர்களின் புள்ளியைப் பொறுத்தது. 2024-25இல் நிரந்தரக் குடியேற்றத்துக்கு ஆஸ்திரேலியா ஒதுக்கிய மொத்த இடம் 185,000. அதில் யாருடைய பரிந்துரையும் தேவைப்படாத 189 விசாவுக்கு 16,900, மாநில அரசு பரிந்துரைக்கும் 190க்கு 33,000, பிராந்திய வகைக்கு 33,000. அந்த 16,900க்கு உலகம் முழுவதும் உள்ள மென்பொருள் பொறியாளர்களும் கணக்காளர்களும் முட்டிமோதுகிறார்கள். இந்தத் துறைகளில் 85 வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. மறுபக்கம் ஆசிரியர்கள், செவிலியர்கள், கட்டுமானத் தொழில் செய்பவர்கள் சமீப ஆண்டுகளில் அதைவிட நன்றாகக் குறைந்த புள்ளியிலேயே அழைக்கப்பட்டிருக்கிறார்கள். இங்கே பள்ளிகளில் கணித ஆசிரியர் பற்றாக்குறை உண்மையானது.

அவர் முதன்மை விண்ணப்பதாரர் ஆனால்: வயது 30, அதற்கு 30 புள்ளி, அதுவும் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் அசையாது. பட்டத்துக்கு 15. பி.எட். முடித்த பின் நான்கு வருட ஆசிரியப் பணிக்கு 5. ஆங்கிலத்தில் நல்ல நிலையை எட்டினால் 10. நீங்கள் துணைவராக 10 புள்ளி கொண்டுவர முடியும்: 45 வயதுக்குள் இருக்கிறீர்கள், ஆங்கிலம் போதுமானது, ஏசிஎஸ் மதிப்பீடு வந்துவிட்டால் உங்கள் தொழிலும் அதே பட்டியலில் இருக்கிறது. மொத்தம் 70. மென்பொருள் வரிசையில் 70க்கு மதிப்பே இல்லை. ஆசிரியர் வரிசையில் அது நம்பிக்கையோடு நிற்கக்கூடிய எண். (நீங்கள் டெஸ்டர் என்று மதிப்பீடு வாங்கினால் இந்தக் கணக்கு கெடும், சாப்ட்வேர் டெஸ்டர் 189 பட்டியலில் இல்லை. செய்யும் வேலைக்கு உண்மையாகப் பொருந்தும் தொழிலைத் தேர்ந்தெடுங்கள்.)

ஆசிரியர் வழி சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். மதிப்பீடு செய்யும் அமைப்பின் பெயர் ஏஐடிஎஸ்எல். அவர்கள் கேட்பதில் மூன்று விஷயங்கள் நம்மூர் ஆசிரியர்களைச் சோதிக்கும்.

ஒன்று, குறைந்தது நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு, அதில் ஒரு வருடமாவது ஆசிரியர் பயிற்சி. மூன்று வருட பி.எஸ்சி.யோடு பி.எட். சேர்ந்தால் இது நிறைந்துவிடும்; பி.எட். ஒரு வருடமாக இருந்த காலத்தில் படித்தவர்களுக்கும் நான்கு வருகிறது. இரண்டாவது, கற்பித்தல் பயிற்சியில் குறைந்தது 45 நாள் மேற்பார்வையோடு நடந்திருக்க வேண்டும், அதுவும் அவர் விண்ணப்பிக்கும் உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு. மதிப்பெண் பட்டியலில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. கல்லூரி முதல்வரிடமோ பல்கலைக்கழகத்திடமோ எத்தனை நாள், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று எழுதிய கடிதம் வாங்க வேண்டும். "பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் உதவாது. மூன்றாவது ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் கேட்பதிலும் பேசுவதிலும் 8, படிப்பதிலும் எழுதுவதிலும் 7. விசாவுக்கு நான்கிலும் 7 இருந்தால் 10 புள்ளி கிடைத்துவிடும். ஆனால் ஏஐடிஎஸ்எல் மதிப்பீட்டுக்கு அது போதாது. தமிழ் வழியில் படித்தவர்களால் முடியாது என்று எண்ண வேண்டாம். பேச்சுக்கும் கேட்டலுக்கும் ஆறு மாதம் ஒழுங்காக ஒதுக்கினால் எட்டக்கூடியதுதான். ஒரே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு மனம் விடக்கூடாது, அவ்வளவுதான்.

நான்கு வருட அனுபவத்தை நிரூபிப்பதும் தனி வேலை. தனியார் பள்ளிகளில் நியமன ஆணையே இல்லாமல், சம்பளம் கையில் வாங்கி, பிஎஃப் பிடிக்காமல் வேலை பார்த்தவர்கள் ஏராளம். வாரம் குறைந்தது 20 மணி நேரம், ஊதியத்துடன், தகுதி பெற்ற பிறகு, கடந்த பத்து வருடத்துக்குள் செய்த வேலைதான் புள்ளிக்குச் செல்லும். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தால் அந்த அறிக்கையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். கையில் வாங்கிய காலம் இருந்தால், அந்தக் காலத்துக்குப் புள்ளி கேட்காமல் விடுவதே நல்லது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கான மதிப்பீடு வேறு, பள்ளியில் பாடம் எடுக்கும் உரிமம் வேறு. வந்த பிறகு அந்தந்த மாநிலத்தின் ஆசிரியர் பதிவு வாரியத்தில் தனியாகப் பதிய வேண்டும். வந்த அடுத்த வாரமே வகுப்பில் நிற்கலாம் என்று திட்டமிட்டுவிட்டு பிறகு வருந்துபவர்களை இங்கே பார்க்கிறேன்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஏசிஎஸ். பெரிய மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு பணிச் சான்றில் தேதியும் பதவியும் மட்டும் எழுதித் தரும்; என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதாது. ஏசிஎஸ் கேட்பதோ அந்த வேலை விவரத்தைத்தான். நிறுவனம் மறுத்தால், உங்களோடு வேலை பார்த்த மேலதிகாரியோ சக ஊழியரோ உங்கள் பணிகளை விவரித்து எழுதும் நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்பார்கள். அதோடு சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பிஎஃப் பதிவு, வங்கி அறிக்கை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பணி விவரத்தை இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் புராஜெக்டில் நீங்கள் செய்ததை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிக் கொடுத்து, உண்மை என்று தெரிந்த மனிதரிடம் கையெழுத்து வாங்குங்கள். இயந்திரவியல், கட்டடப் பொறியாளர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு மதிப்பீடு செய்வது இஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் சேர்ந்தது உண்மை, ஆனால் அது என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும். பெரும்பாலான இணைப்புக் கல்லூரிகள் அதில் வராது; நீங்கள் மூன்று பணி அனுபவக் கட்டுரைகளோடு சிடிஆர் என்ற திறன் அறிக்கை எழுதியே ஆக வேண்டும். அதை எழுதித் தருவதாகச் சொல்லும் ஆட்களிடம் போகாதீர்கள், திருட்டு எழுத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தமிழுக்கே 5 புள்ளி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வில் தமிழும் ஒரு மொழி. ஆங்கிலம் பேசும் ஒருவருக்கும் தமிழ் பேசும் ஒருவருக்கும் இடையில் நடக்கும் இரண்டு உரையாடல்களைத் துண்டு துண்டாகக் கேட்டு, உடனே மறுமொழிக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனை, காப்பீடு, பள்ளிச் சேர்க்கை, நீதிமன்றம் போன்ற சூழல்கள் வரும். மொத்தம் 90 மதிப்பெண்; தேறுவதற்கு 63, ஒவ்வொரு உரையாடலிலும் குறைந்தது 29. இணையவழியில் நடக்கிறது. நம்மில் பலர் தமிழ்தானே என்று பயிற்சி இல்லாமல் போய் உட்கார்ந்து தோற்கிறார்கள். தமிழ் தெரியாததால் தோற்பதில்லை. முப்பது சொல் நீளமுள்ள துண்டில் ஒரு தேதியையோ தொகையையோ விட்டுவிடுவதால் தோற்கிறார்கள். குறிப்பெடுக்கப் பழகுங்கள். முதன்மை விண்ணப்பதாரர்தான் தேற வேண்டும், எனவே இது உங்கள் மனைவியின் வேலை.

உங்கள் ஆங்கிலத் தேர்வைப் பற்றி: 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் பிடிஇக்கு மதிப்பெண் எல்லைகள் மாறிவிட்டன. முன்பு நான்கிலும் 79 எடுத்தால் 20 புள்ளி. இப்போது ஒவ்வொரு பிரிவுக்கும் எல்லை வேறு. எழுத்துக்கு 85, பேச்சுக்கு 88. பழைய 79 கணக்கை வைத்துப் பயிற்சி தரும் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. துணைவராக நீங்கள் வருவதானால் இப்போது இருக்கும் மதிப்பெண்ணே போதும். ஆனால் அது அழைப்பு வரும் நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

491 என்ற பிராந்திய விசாவைப் பலர் இரண்டாந்தரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 491க்கு மாநிலமோ தகுதியான உறவினரோ பொறுப்பேற்றால் 15 புள்ளி கூடும். உங்கள் மனைவியின் 70 அங்கே 85. ஐந்து வருட விசா, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, பிராந்தியப் பகுதியில் மூன்று வருடம் வாழ்ந்து வரி மதிப்பீட்டைக் காட்டி 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம். "பிராந்தியம்" என்றதும் ஆடு மேய்க்கும் வெட்டவெளியைக் கற்பனை செய்ய வேண்டாம். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே பிராந்தியம்தான்: பெர்த், அடிலெய்டு, கான்பரா, ஹோபார்ட் எல்லாம். குறை என்னவென்றால், மென்பொருள் வேலை இங்கே சிட்னி, மெல்பர்ன் அளவுக்குக் கிடையாது, உங்களுக்கு முதல் வேலை கிடைக்க நாளாகலாம். அதோடு அந்த மூன்று வருடம் முடியாமல் 189க்கோ 190க்கோ தாவ முடியாது. ஆசிரியை சம்பளம் ஒன்று உள்ளே வரும் குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு தாங்கக்கூடியது.

அழைப்பு வந்த பின் நடப்பவை நேரான வேலைகள். 60 நாளுக்குள் விண்ணப்பம், கட்டணம், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறைச் சான்று, குறிப்பிட்ட மருத்துவமனையில் உடல் பரிசோதனை. மூவரில் ஒருவர் மருத்துவத்தில் தேறாவிட்டால் மொத்த விண்ணப்பமும் நிற்கும், எனவே குழந்தைக்கு ஏதாவது நீண்டகாலச் சிகிச்சை நடந்தால் பணம் கட்டும் முன்பே ஆலோசனை கேளுங்கள்.

கன்சல்டன்சிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆலோசகர்களுக்கு ஓமாரா என்ற அரசு அலுவலகம் நடத்தும் பதிவேடு இருக்கிறது. பதிவுபெற்றவருக்கு எம்ஏஆர்என் என்ற எண் இருக்கும். யாரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். அந்த எண் உங்களோடு பேசும் விற்பனைப் பிரதிநிதிக்கு அல்ல, உங்கள் கோப்பைக் கையாளும் மனிதருக்கு இருக்க வேண்டும். "உறுதி" என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அனுபவம் குறைகிறது என்று அவர்களே ஒரு நிறுவனத்தின் பெயரில் சான்று "ஏற்பாடு" செய்வதாகச் சொன்னால் நிலைமை பணத்தோடு முடியாது. பொய் ஆவணம் பிடிபட்டால் உங்களுக்கும் குடும்பத்தினருக்கும் மூன்று வருடத் தடை வரலாம். "எனக்குத் தெரியாது, ஏஜென்ட் செய்தார்" என்பது அங்கே பெரும்பாலும் எடுபடாது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர்.

இன்றே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 85இல் ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த ஆவணம் ஆதாரம், ஏசிஎஸ் எத்தனை வருடம் கழிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், 33 வயது ஆனபின் கணக்கு என்ன, கோப்பைக் கையாள்பவரின் எம்ஏஆர்என் என்ன என்ற நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் மனைவி தன் பி.எட். கல்லூரிக்கு அந்த 45 நாள் கடிதத்துக்காகப் போகட்டும். தேர்வு நேரமும் சேர்க்கை நேரமும் வந்துவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்க மாதக்கணக்கில் ஆகிவிடும்.